"முதலில் நீங்கள் கொஞ்சம் கட்டுங்கள்": போனிலும் மெயிலிலும் வரும் முன்பண மோசடியைக் கண்டுகொள்வது எப்படி

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், கரண்ட் பில், மணி டிரான்ஸ்பர் எல்லாம் உண்டு. போனில் ஜிபே இல்லாதவர்கள் கையில் ரொக்கத்தைக் கொடுத்து, "அக்கா, இந்த நம்பருக்குப் போட்டு விடுங்க" என்பார்கள். போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததைக் காட்டுவேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கடைக்குப் பின் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஒரு பெண் ஒரு திங்கள்கிழமை வந்து 2,650 ரூபாய் அனுப்பச் சொன்னார். "லோன் வருது அக்கா, ஃபைல் சார்ஜ்" என்றார். அனுப்பினேன். புதன்கிழமை 6,800. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 12,500. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றார். கையில் 18,000. பர்சைத் திறந்தபோது அடகுக்கடை ரசீது தெரிந்தது. காதில் கம்மல் இல்லை. அப்போதுதான், "என்னம்மா இது, கடன் வாங்குறதுக்கு இவ்வளவு கட்டுறே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் திங்கள்கிழமையே கேட்டிருக்க வேண்டும். அவருடைய 21,950 ரூபாய் என் கடையிலிருந்து, என் கையால் போனது.

அதற்குப் பிறகு இந்த மோசடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், சைபர் கிரைம் போலீசாரிடமும் வங்கியில் வேலை செய்பவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள், முதல்முறை கடனுக்கோ வேலைக்கோ ஆன்லைனில் விண்ணப்பிப்பவர்கள், வீட்டில் வயதான அப்பா அம்மாவை வைத்திருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

கடன், பரிசு, பார்சல், வேலை, டவர் வாடகை என்று கதை எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒரு பெரிய தொகையோ நல்ல வாய்ப்போ வரப்போகிறது. அது வருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும். பெரிய தொகை கண்ணுக்கு முன்னால் நிற்பதால் சின்னத் தொகை பெரிதாகத் தெரியாது. 3 லட்சம் வரப்போகிறவருக்கு 2,650 ரூபாய் ஒரு தொகையா?

இந்த வித்தை புதிதல்ல. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே "ஸ்பெயின் சிறைக் கைதி" என்ற பெயரில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஸ்பெயினில் ஒரு பணக்காரர் சிறையில் இருக்கிறார், அவரை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள், வெளியே வந்ததும் தன் சொத்தில் பங்கு தருவார் என்று அதில் இருக்கும். 1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் இதே கதை வேறு வேஷத்தில் வந்தது. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு 419 என்பதால் உலகமெங்கும் இதற்கு "நானூற்றுப் பத்தொன்பது" என்றே பெயர் விழுந்துவிட்டது. பிறகு மெயில் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. கதையின் அடித்தளம் மட்டும் மாறவில்லை.

முதல் தொகையை வாங்கியதோடு அவர்கள் ஓடிவிட மாட்டார்கள். இதைத்தான் பலரும் புரிந்துகொள்வதில்லை. முதல் தொகையைக் கட்டியவரிடம்தான் இரண்டாவதைக் கேட்க முடியும். இரண்டு முறை கட்டியவர் மூன்றாவதைக் கட்டாமல் விட்டால் முந்தைய இரண்டும் வீண் என்று நினைப்பார். அந்த நினைப்பில்தான் அவர்களுடைய முழு வியாபாரமும் நடக்கிறது.

இரண்டாம் படி: போன் வந்தால்

அந்தத் தையல்காரப் பெண்ணின் போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும்படி இருந்தது. இரண்டாவது தொகை கேட்ட அழைப்பை என் கடையில் வைத்துக் கேட்டோம். கிட்டத்தட்ட இப்படிப் போனது:

"மேடம், உங்க லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. அமௌன்ட் ரெடியா இருக்கு."

"எப்ப சார் வரும்?"

"ஜிஎஸ்டி மட்டும் பெண்டிங் மேடம். ஆறாயிரத்து எண்ணூறு. கட்டின பத்தாவது நிமிஷம் உங்க அக்கவுன்ட்ல ஏறிடும். இது ரீஃபண்டபிள், லோனோட சேர்ந்து திரும்ப வந்துடும்."

"லோன்லயே பிடிச்சுக்கலாமே சார்?"

"சிஸ்டம் எடுத்துக்காது மேடம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலன்னா ஃபைல் கேன்சல். நீங்க ஏற்கெனவே கட்டுனதும் போயிடும்."

அவர் கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். லோனிலேயே பிடித்துக்கொள்ளலாமே! எந்தக் கதை வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். 3 லட்சம் தரப்போகிறவர் அதில் 6,800 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதில் அவருக்கு என்ன கஷ்டம்? பரிசு கொடுப்பவர் வரியைப் பரிசிலேயே கழித்துக்கொள்ளலாம். சம்பளம் கொடுப்பவர் யூனிஃபார்ம் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாம். பிடிக்க முடியாது என்பதற்கு அவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம், பிடிப்பதற்கு அங்கே பணமே இல்லை என்பதுதான்.

அந்தப் பெண் சரியாகக் கேட்டும் ஏமாந்தார். காரணம் கடைசி வாக்கியம்: "ஏற்கெனவே கட்டுனதும் போயிடும்." அதைக் கேட்டதும் அவர் குரல் மாறுவது பதிவிலேயே தெரிகிறது. படிப்பறிவு இல்லாததால் ஏமாந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் கடைக்கு இதே கதையோடு வந்தவர்களில் எம்.காம். படித்தவர் உண்டு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் உண்டு.

சரி, போன் வந்தால் என்ன செய்வது? எதிர்ப்பக்கம் சொல்வதை வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள். அவர்கள் ஒரு நாளில் நூறு பேரிடம் பேசுபவர்கள், பதில் தயாராக இருக்கும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம் அவர்கள் சொன்ன வங்கியின் எண்ணை நீங்களே தேடுங்கள்: பாஸ்புக்கில், ஏடிஎம் கார்டின் பின்புறத்தில், கிளையின் போர்டில். அவர்கள் கொடுத்த எண்ணையோ, கூகுளில் முதலில் வரும் எண்ணையோ நம்ப வேண்டாம். கூகுளிலும் போலிக் கஸ்டமர் கேர் எண்கள் ஏற்றிவைக்கப்படுகின்றன.

எண்ணைப் பார்த்தும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். வங்கிகள் வாடிக்கையாளருக்கான சேவை அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பர அழைப்புகளை 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும்தான் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "பேங்க்ல இருந்து பேசறேன்" என்றால் சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பில் +92 என்று தொடங்கும் எண் பாகிஸ்தானுடையது. கேபிசி (கோன் பனேகா குரோர்பதி) டிவி நிகழ்ச்சியின் பெயரில் "25 லட்சம் லாட்டரி" என்று வந்த செய்திகளில் பல அந்த எண்ணில்தான் வந்தன. ஆனால் எண் சரியாக இருப்பதாலேயே ஆள் சரி என்று ஆகிவிடாது, திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப்பில் வங்கியின் பெயர் வந்தாலும், வாட்ஸ்அப் படத்தில் லோகோ இருந்தாலும் அது சாட்சி ஆகாது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஐடி கார்டு, ஆதார் கார்டு என்று தங்கள் படங்களை அனுப்புவார்கள். "இவ்வளவு தைரியமா ஆதாரையே அனுப்புறாரே" என்று நமக்குத் தோன்றும். அது முன்பு ஏமாந்த இன்னொருவருடைய ஆதாராக இருக்கும். இப்போது நீங்கள் அனுப்பும் ஆதார் அடுத்தவருக்குப் போகும்.

மூன்றாம் படி: மெயில் வந்தால்

மெயிலில் அனுப்பியவர் பெயர் என்று தடித்த எழுத்தில் தெரிவதை அனுப்பியவரே போட்டுக்கொள்ளலாம். "ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா" என்று நானும் போட்டுக்கொள்ள முடியும். அதனால் பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். ஜிமெயில் ஆப்பில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே "டு மீ" என்று சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். "ரிப்ளை டு" என்று வேறொரு முகவரி அங்கே இருந்தால் கவனியுங்கள். நீங்கள் பதில் எழுதினால் அது அந்த இரண்டாவது முகவரிக்குத்தான் போகும். ஒரு அரசு அலுவலகத்தின் பெயரில் வந்த மெயிலுக்குப் பதில் ஒரு சாதாரண ஜிமெயிலுக்குப் போகிறது என்றால் அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை.

முகவரியில் அட் குறிக்குப் பிறகு வருவதை வலப்பக்கத்திலிருந்து படித்துப் பழகுங்கள். மத்திய, மாநில அரசு முகவரிகள் "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்று முடியும். வங்கிகளின் இணையதளங்கள் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். "பேங்க் டாட் இன்" என்ற சொற்கள் நடுவில் எங்கோ இருந்து, அதற்குப் பின்னால் வேறு எதுவோ வந்தால் அது வங்கியுடையது அல்ல.

இணைப்பாக வரும் பிடிஎஃப் கடிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிங்க முத்திரை, ரப்பர் ஸ்டாம்ப், பச்சை மையில் கையெழுத்து, எல்லாம் பத்து நிமிட வேலை. ஜெராக்ஸ் கடைக்காரி சொல்கிறேன், நம்புங்கள். அந்தப் பெண்ணுக்கு வந்த "சாங்ஷன் லெட்டரை"ப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலே ரிசர்வ் வங்கி முத்திரை, கீழே நிதி அமைச்சகம், நடுவில் ஒரு தனியார் கம்பெனியின் பெயர். ஒரு கடன் கடிதத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வர வேண்டிய அவசியமே இல்லை. ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, கடன் கொடுப்பதில்லை, "உங்கள் பெயரில் பணம் இருக்கிறது" என்று மெயில் அனுப்புவதில்லை. இதை ரிசர்வ் வங்கியே பலமுறை மக்களுக்கு அறிவித்திருக்கிறது.

நான்காம் படி: சொல்லும் காரணத்தை உரசிப் பாருங்கள்

ஒவ்வொரு கதையையும் உடைக்க ஒரு விவரம் தெரிந்தால் போதும்.

கடனிலிருந்து தொடங்குகிறேன், எங்கள் பக்கம் அதிகம் பேர் விழுவது இதில்தான். உண்மையான வங்கியிலும் பிராசஸிங் கட்டணம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அதைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். வீட்டுக் கடனுக்குச் சில இடங்களில் முன்கூட்டியே கட்டச் சொல்வதும் உண்டு. ஆனால் அது வங்கியின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும், நீங்கள் போய் உட்கார்ந்து கேட்க ஒரு கிளை இருக்கும். ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கோ, யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்கோ போகாது. ஆப் மூலம் கடன் என்றால், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஒரு விவரத்தாளை முதலிலேயே தர வேண்டும், கடன் தொகை கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், இடையில் இருக்கும் ஆப்காரர் உங்களிடம் தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. அனுமதி பெற்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடக்கும் கடன் ஆப்களின் பட்டியலும் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது.

இதில் ஒரு தந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் நான்காவதாகக் கேட்ட 18,000 எதற்குத் தெரியுமா? "நீங்க அக்கவுன்ட் நம்பரைத் தப்பா போட்டுட்டீங்க, பணம் லாக் ஆயிடுச்சு, திறக்க டெபாசிட் கட்டணும்." அவர் சரியான எண்ணைத்தான் கொடுத்திருந்தார். அவர்களுடைய போலி ஆப்பில் ஒரு இலக்கத்தை மாற்றிக் காட்டினார்கள். அவரோ தன் தவறு என்று நம்பி என்னிடம் கூடச் சொல்ல வெட்கப்பட்டார். பழியைத் தூக்கி உங்கள் மேல் போட்டால், நீங்கள் யாரிடமும் கேட்க மாட்டீர்கள் என்பது அவர்கள் கணக்கு.

லாட்டரி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. எங்கள் ஊர் மார்க்கெட்டிலிருந்து தினமும் காய்கறி லாரிகள் கேரளாவுக்குப் போகின்றன, அதனால் கேரள லாட்டரியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது இங்கே சுலபமாக இருக்கிறது. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாகத்தான் விற்கப்படுகிறது, ஆன்லைனில் விற்பதில்லை. கையில் சீட்டு இல்லாமல் பரிசு இல்லை. பெரிய பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. அதைப் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள், முன்னால் கட்டச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதற்கே அந்நியச் செலாவணி விதிகளில் தடை இருக்கிறது.

டவர். "உங்க தோட்டத்துல செல்போன் டவர் வைக்கிறோம், மாசம் 40,000 வாடகை, அட்வான்ஸ் 20 லட்சம்" என்று விவசாயிகளுக்கு வரும். அரசு என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, அதற்குக் கட்டணம் என்று 15,000 கேட்பார்கள். நிலத்தை வாடகைக்கு எடுப்பதில் தொலைத்தொடர்புத் துறைக்கோ, போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்புக்கோ எந்தப் பங்கும் இல்லை, அதற்காக அவர்கள் யாருக்கும் என்ஓசி தருவதும் இல்லை. டவர் வைக்கும் கம்பெனி உங்களுக்குத்தான் வாடகை தர வேண்டும்.

பார்சல். ஃபேஸ்புக்கில் நட்பாகப் பழகிய வெளிநாட்டுக்காரர் நகையும் டாலரும் அனுப்பியிருக்கிறார், டெல்லி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் பிடித்துவிட்டது, வரி கட்டுங்கள் என்று ஒரு "அதிகாரி" பேசுவார். சுங்க வரி எந்த அதிகாரியின் சொந்தக் கணக்குக்கும் போவதில்லை. 2019 முதல் சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற தனி எண் இருக்க வேண்டும், அந்த எண் உண்மையா என்று மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். மாதக்கணக்கில் அன்பாகப் பேசிய பிறகு வருவதால் இதில் ஏமாந்தவர்களுக்குப் பணத்தோடு மனசும் உடைந்துபோகிறது. அவர்களைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

வேலை. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், லேப்டாப் டெபாசிட், மெடிக்கல் என்று வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. வீட்டிலிருந்தே யூடியூபுக்கு லைக் போடும் "டாஸ்க்" வேலையில் முதலில் 150, 300 என்று அவர்களே அனுப்பி நம்பிக்கையை வளர்ப்பார்கள். அப்புறம்தான் டெபாசிட். வெளிநாட்டு வேலை என்றால் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜெண்ட் மட்டுமே ஆள் எடுக்கலாம், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் அதிகபட்சம் வாங்கலாம். பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்துவைக்கப்பட்டு, இதே மாதிரி மோசடி அழைப்புகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சில சமயம் எதிர்முனையில் பேசுபவரும் முன்பணம் கட்டி ஏமாந்தவராகவே இருக்கலாம்.

ஐந்தாம் படி: அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன்

என் கடையில் இப்போது யார் பணம் அனுப்ப வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். யாருக்கு? அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? இதைக் கட்டினால் உங்களுக்கு ஏதாவது வருகிறதா? மகனுக்கு ஹாஸ்டல் பணம் அனுப்புபவர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். மூன்றாவது கேள்விக்கு "ஆமா, லோன் வருது" என்று பதில் வந்தால் நான் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடுவேன்.

நீங்களே அனுப்புவதானால், யுபிஐயில் பின் நம்பர் போடும் முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும். அதை வாய்விட்டுப் படியுங்கள். கம்பெனிக்குக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. "பரிசை வாங்க பின் போடுங்க, க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றால் உங்கள் பணம் போகப்போகிறது. போனில் எனிடெஸ்க் மாதிரி ஆப் எதையும் ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள், உங்கள் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஒரு ராத்திரி கழித்துக் கட்டுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் "யாரிடமும் சொல்லாதீங்க", "அஞ்சு மணிக்குள்ள" என்று இரண்டையும் விடாமல் சொல்வதற்குக் காரணமே இதுதான். உண்மையான கடன் நாளைக்கும் இருக்கும்.

ஆறாம் படி: ஏற்கெனவே கட்டிவிட்டால்

அடுத்த தொகையைக் கட்டாதீர்கள். போனதை மீட்பதற்காக என்றாலும் கூடாது.

உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண், இங்கிருந்து அழைத்தால் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவுக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் விழுந்ததோ அங்கிருந்து எடுக்கப்படும் முன் நிறுத்தி வைக்க முயல்வார்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு அவர்கள் பணத்தைத் தள்ளிக்கொண்டே போவார்கள் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். விடியட்டும், திங்கள்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். அழைக்கும்போது தொகை, தேதி, நேரம், யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ ஐடி, அவர்களுடைய போன் எண், இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் தடுமாற மாட்டீர்கள்.

அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள், புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அவமானமாக இருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பணம் போகாமல் சந்தேக அழைப்பு மட்டும் வந்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மோசடியில் பணத்தை அனுப்பியது நீங்களே என்பதால், கார்டு திருட்டு மாதிரி வங்கி உங்களுக்கு ஈடுகட்டும் என்று நம்பி இருக்க முடியாது. பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தது.

ஆதார், பான் படங்களை அனுப்பியிருந்தால் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், ஆதார் ஆப்பிலேயே செய்யலாம். உங்கள் பெயரில் புதிதாகக் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையை அவ்வப்போது பாருங்கள். கட்ட மாட்டேன் என்றதும் அவர்கள் மிரட்டுவார்கள்: கோர்ட் நோட்டீஸ், வாரண்ட், உங்கள் படத்தை எல்லோருக்கும் அனுப்புவோம் என்று. அந்த மிரட்டலையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.

வீட்டில் இன்னொருவர் ஏமாந்துகொண்டிருப்பது தெரிந்தால், "அறிவில்லையா" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அடுத்த தொகையை உங்களுக்குத் தெரியாமல் கட்டுவார்கள். பக்கத்தில் உட்காருங்கள், போனை வாங்கி அவரோடு சேர்ந்து செய்திகளை முதலிலிருந்து படியுங்கள். கட்டிய தொகைகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அவரையே எழுதச் சொல்லுங்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன். 2,650, 6,800, 12,500 என்று எழுதி, நான்காவதாக 18,000 என்று எழுதப் போனவர் பேனாவை வைத்துவிட்டார்.

என் கடைப் போனிலிருந்துதான் 1930க்குப் பேசினோம். முதல் இரண்டு தொகையும் போய்விட்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் போன 12,500இல் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க முடிந்தது, அது கோர்ட் உத்தரவு வாங்கிக் கைக்கு வர ஏழெட்டு மாதம் ஆனது. அந்த 18,000ஐ எடுத்துக்கொண்டு அவர் நேராக அடகுக்கடைக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவருக்கு இன்னொரு அழைப்பு வந்தது. சைபர் கிரைமிலிருந்து பேசுவதாகவும், குற்றவாளி பிடிபட்டுவிட்டதாகவும், 21,950 ரூபாயும் தயாராக இருப்பதாகவும் சொன்னார்கள். தொகையைச் சரியாகச் சொன்னார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறும், மீட்டுத் தருகிறோம் என்று இரண்டாவது கும்பல் வரும், இதையும் எதிர்பார்த்துக்கொண்டிருங்கள். "ரிலீஸ் சார்ஜ் 3,200 மட்டும் கட்டுங்க மேடம்" என்றாராம் அந்த ஆள்.

"அதுலயே பிடிச்சுக்கிட்டு மீதியக் குடுங்க சார்னேன் அக்கா, வச்சிட்டான்" என்று கம்மலைத் தொட்டுக்கொண்டே வந்து சொன்னார்.